முகவரி பத்திரமாக இருக்கிறது

மனித குலம் இதுவரை எத்தனையோ பொருள்களைக் காலத்தின் வாயிலிருந்து பிடுங்கிக் காப்பாற்றியிருக்கிறது. கல்வெட்டுகளைக் காப்பாற்றியது, சுவடிகளைக் காப்பாற்றியது, என்றோ செத்துப்போன மன்னர்களின் செருப்பைக்கூடக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றியது. ஆனால் இருபத்திரண்டு வரி கொண்ட ஒரு கணினிக் கோப்பை அச்சடித்து, மூன்று பேர் கையெழுத்திட்டு, உறையிலிட்டு, அரக்கு வைத்து, இரும்பு அலமாரியில் பூட்டி, அந்தச் சாவியை இன்னோர் இரும்பு அலமாரியில் பூட்டிக் காப்பாற்றிய பெருமை எங்கள் ஆராய்ச்சி நிலையத்தைத் தவிர வேறு யாருக்கும் கிடையாது. அந்தத் திருப்பணிக்காக அமைக்கப்பட்ட கோப்புக் காப்புக் குழுவின் உறுப்பினர்-செயலர் நான்தான். அதற்கு முன் பதினான்கு ஆண்டுகள் மேசை, நாற்காலி கொள்முதல் பிரிவில் இருந்தேன். ஆகவே அலமாரியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கோப்பு என்றதும் நீங்கள் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. எங்கள் நிலையத்தின் தரைத்தளத்தில் ஒரு பெரிய கணினி இருக்கிறது. பீரோ பீரோவாக இருபத்தாறு, வரிசையாக நிற்கும். அறைக்குள் போனால் குளிரில் பல் கிட்டித்துவிடும். ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்தும் மென்பொருள்கள் அதில் நூற்றுக்கும் மேல் இருந்தன. ஒவ்வொன்றிலும் நாலைந்து பதிப்புகள். புதியது வந்தால் பழையதைத் தூக்கிப் போடுவதுதானே உலக வழக்கம்? ஆராய்ச்சியாளர்களுக்கு அது ஆகாது. போன வருடம் எதை வைத்துக் கணக்குப் போட்டார்களோ, அதை வைத்தே இந்த வருடமும் போட்டால்தான் விடை ஒத்துப்போகும் என்று அடம்பிடிப்பார்கள். ஆகவே ஒவ்வொரு பதிப்பும் தனித்தனி இடத்தில் குடியிருக்கும்.

எது எங்கே குடியிருக்கிறது என்று கணினிக்குத் தானாகத் தெரியாது. அதைச் சொல்வதுதான் ‘மாட்யூல் கோப்பு’. இன்ன மென்பொருள், இன்ன பதிப்பு, இன்ன இடத்தில் இருக்கிறது, போய்க் கதவைத் தட்டு என்று சொல்லும் முகவரிச் சீட்டு. ஆராய்ச்சியாளர் மாட்யூலின் பெயரைத் தட்டினால் போதும், கணினி சீட்டைப் படித்துவிட்டு நேராக அந்த வாசலில் போய் நிற்கும். எங்களிடம் அறுநூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள் இருந்தன. இவற்றை யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. மென்பொருளை நிறுவும்போதே அதற்கென்று ஒரு செய்முறைக் குறிப்பு இருக்கும். அதிலிருந்து சீட்டு தானாக உருவாகிவிடும். சீட்டு தொலைந்துபோனால் அதே குறிப்பைக் காட்டி மறுபடியும் உருவாக்கிக்கொள்ளலாம். இந்தக் கேடுகெட்ட வசதிதான் எல்லாப் பிரச்சினைக்கும் மூலம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, சீட்டுகள் இருந்த வட்டு பழுதாகி, அறுநூற்றுப் பன்னிரண்டும் ஒரே நொடியில் காணாமற்போயின. மென்பொருள்கள் எல்லாம் வேறு வட்டில் அப்படியே இருந்தன. அவை இருக்குமிடம்தான் யாருக்கும் தெரியவில்லை. மாடியில் ஆராய்ச்சியாளர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். இயக்குநர் அவசரக் கூட்டத்துக்கு அறிவிப்பு எழுதத் தொடங்கினார். அவர் ‘எதிர்பாராத’ என்ற சொல்லுக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது.

காரணம், கணினியைப் பராமரிக்கும் மனிதர். நிலையத்தில் அவருக்கு ‘ஒருவரி’ என்று பெயர். எந்தச் சிக்கலைச் சொன்னாலும் “ஒரு வரி கமாண்டுதான் சார்” என்பார். அன்றும் ஒரு வரியைத் தட்டினார். தேநீர் குடித்துவிட்டு வந்தார். செய்முறைக் குறிப்புகளிலிருந்து அறுநூற்றுப் பன்னிரண்டு சீட்டுகளும் மறுபடி உருவாகி வரிசையில் நின்றன.

ஒரு நிறுவனத்தின் தலைவரை இதைவிட அவமானப்படுத்த முடியாது. கூட்டத்துக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள், பிஸ்கட் வந்துவிட்டது, பிரச்சினை மட்டும் வரவில்லை.

“யாரைக் கேட்டு சரி பண்ணீங்க?” என்றார் இயக்குநர்.

“காணாம போயிருந்துச்சு சார். திரும்ப உருவாக்கினேன்” என்றார் ஒருவரி.

“எவ்வளவு நேரம் ஆச்சு?”

“பதினோரு நிமிஷம் சார்.”

“நான் அறிவிப்பு அனுப்பினது பன்னிரண்டாவது நிமிஷம். ஒரு நிமிஷம் பொறுக்க முடியலையா உங்களால?”

ஒருவரி பிஸ்கட்டைப் பார்த்தார்.

“சரி, இப்ப மெஷின்ல இருக்கறது பழைய கோப்பா, புதுக் கோப்பா?”

“அதேதான் சார். ஒரு எழுத்துகூட மாறல.”

“அதே மாதிரின்னு சொல்லுங்க. அதேன்னு சொல்லாதீங்க. உங்க அப்பா மாதிரியே ஒருத்தர் வந்து வாசல்ல நின்னா, உள்ள கூப்பிட்டு உக்கார வச்சிருவீங்களா?”

“சார், இது அப்பா இல்ல சார். அட்ரஸ்.”

இந்த மரியாதைக்குறைவான பதில் கூட்டக் குறிப்பில் சேர்க்கப்பட்டது. உண்மையான கோப்புகளை இனியாவது காப்பாற்றியாக வேண்டும் என்று இயக்குநர் தழுதழுத்த குரலில் சொன்னார். அந்த இடத்திலேயே குழு பிறந்தது. அலமாரிகளில் எனக்கிருந்த தேர்ச்சியைக் கருதி என்னைச் செயலராக்கினார்கள். பச்சை மையில் கையெழுத்திடும் உரிமையும் கொடுத்தார்கள். அன்று மாலை போகும் வழியில் பச்சை மைப் பேனா இரண்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

விதிகளை நான்தான் எழுதினேன். ஒவ்வொரு சீட்டையும் தடித்த தாளில் அச்சடிக்க வேண்டும். நான் அதை வாய்விட்டுப் படிக்க, இயக்குநரின் நேர்முக உதவியாளர் திரையைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். பிறகு மூன்று கையெழுத்துகள்: முதலாவது என்னுடையது, இரண்டாவது உதவியாளருடையது, மூன்றாவது இயக்குநருடையது. அதன் பின் உறை, அரக்கு, அலமாரி. உறை ஒருமுறை மூடப்பட்டால் திறக்கப்படக் கூடாது. திறந்தால் பாதுகாப்பு போய்விடும். நியாயம்தானே? பூட்டிய பொருளை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் அப்புறம் எதற்குப் பூட்டு?

நான்கு மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்து படித்தேன். சாய்கோடு, சாய்கோடு, புள்ளி, அடிக்கோடு என்று படித்துப் படித்து, வீட்டில் மளிகைச் சீட்டைக்கூட அப்படித்தான் படித்தேன். என் மனைவி பொறுத்துக்கொண்டாள். அப்போதெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

காகிதம் மட்டும் போதுமா? தீப்பிடித்தால்? ஆகவே ஒவ்வொரு தாளையும் அதன் நார் தெரியும் அளவுக்கு நுட்பமாக ஸ்கேன் செய்தோம். நாங்கள் மூவரும் கையெழுத்திடும் காட்சியை மூன்று கோணங்களில் வீடியோ எடுத்தோம். எல்லாவற்றிலும் ஏழு ஏழு பிரதிகள் எடுத்துப் பெரிய கணினியிலேயே ஏற்றிக் கடவுச்சொல் போட்டுப் பூட்டினோம். கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, எண் போடாத ஓர் உறையிலிட்டு, அரக்கு வைத்து, அதே அலமாரியில் வைத்தோம். உறையைத் திறக்கக் கூடாது என்ற விதி அதற்கும் பொருந்தும்.

மொத்தச் சீட்டுகளையும் சேர்த்தால் ஒரு சினிமாப் பாட்டுக்கு வேண்டிய இடம்கூட ஆகாது என்று ஒருவரி முன்பு ஒருமுறை கிண்டலாகச் சொல்லியிருந்தார். எங்கள் உழைப்பால் அவை கணினியின் பாதியை அடைத்துக்கொண்டன. மீதிப் பாதியும் மூச்சுத் திணறத் தொடங்கியது.

“டிஸ்க் நிறைஞ்சுபோச்சு சார்” என்று ஒருவரி அடுத்த கூட்டத்தில் வந்து நின்றார். “அந்தக் கையெழுத்து வீடியோவை எல்லாம் அழிச்சா போதும். ஒரு வரி…”

“அது வரலாறு” என்றார் இயக்குநர். “வேற என்ன இருக்கு அழிக்க?”

“வேற சாஃப்ட்வேர்தான் சார் இருக்கு.”

“பழைய பதிப்பெல்லாம் யாராவது தொடறாங்களா?”

“தேவைப்படும்போது தொடுவாங்க சார். தொடலைன்னா தேவையில்லைன்னு அர்த்தம் இல்ல.”

அப்போது இயக்குநர் சொன்ன வாசகத்தைப் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டும். பிற்பாடு பொறித்தும்விட்டோம், வரவேற்பறையில் இருக்கிறது.

“முகவரி நம்மகிட்ட பத்திரமா இருக்கு. அப்புறம் வீடு எதுக்கு?”

தொண்ணூறு நாளாக யாரும் தொடாத பதிப்புகள் இருநூற்று முப்பத்தொன்று. எல்லாவற்றையும் அழிக்கத் தீர்மானம் நிறைவேறியது. கணினியில் அவற்றுக்கு இருந்த சீட்டுகளையும் நீக்கினோம். மூலச் சீட்டு அலமாரியில் வீற்றிருக்கும்போது நகல் வெளியில் திரிவது மரியாதையாக இருக்காது.

ஒருவரி அன்று முதல் தடவையாக ஒரு வரிக்கு மேல் பேசினார். “சார், கெஞ்சிக் கேட்டுக்கறேன். வீட்டை இடிச்சாலும் பரவாயில்ல, அந்தச் செய்முறைக் குறிப்பையாவது விட்டு வைங்க. அது இருந்தா என்னைக்கு வேணும்னாலும் அதே வீட்டைத் திரும்பக் கட்டிடலாம். அட்ரஸும் தானா வந்துடும். துளியூண்டு இடம்தான் சார்.”

இந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் சீட்டு அடிக்கலாம் என்றால் நான்கு மாத உழைப்புக்கு என்ன மதிப்பு? கள்ள நோட்டு அச்சை ஊருக்குள் விட்டுவைப்பார்களா? நான் எழுந்து இந்த அபாயத்தை எடுத்துச் சொன்னேன். இயக்குநர் மேசையைத் தட்டிப் பாராட்டினார். செய்முறைக் குறிப்புகளும் போயின. எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருந்த பழைய காப்பு நாடாக்களையும் அழித்து, எங்கள் வீடியோக்களே ஏற்றப்பட்டன. சொந்தப் பிரதி வைத்திருப்பவர் மீது நடவடிக்கை என்று அன்று மாலையே பச்சை மையில் சுற்றறிக்கை அனுப்பினேன்.

இனி என் மச்சினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொந்தக்காரர்களை இழுப்பது எனக்குப் பிடிக்காத விஷயம்தான், ஆனாலும் என் நடுநிலைமையை விளக்க வேறு வழியில்லை.

என் மனைவியின் தங்கை எங்கள் நிலையத்தின் இரண்டாம் மாடியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அணை மதகுகளுக்குப் பின்னால் வண்டல் எப்படிப் படிகிறது என்று நான்கு ஆண்டுகளாகக் கணக்குப் போட்டாள். எல்லோரும் அவளை ‘வண்டல் மேடம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் பயன்படுத்திய மென்பொருளில், மிக நுண்ணிய சேற்றைக் கணக்கிடும்போது ஒரு பிழை வந்தது. அவளும் ஒருவரியும் உட்கார்ந்து அதைத் திருத்தினார்கள். அந்தத் திருத்திய பதிப்பு, 7.2 திருத்தம் 3, உலகத்திலேயே எங்கள் கணினியில் மட்டும்தான் இருந்தது. அதை வைத்துப் போட்ட கணக்கை அவள் கட்டுரையாக வெளியிட்டாள். வேறு நாட்டில் யாரோ திருத்தாத பதிப்பை வைத்து அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். விடை ஒத்துப்போகவில்லை. இவள் எண்களைக் கற்பனையாக எழுதிவிட்டாள் என்று புகார் போனது. மேலிடத்திலிருந்து விசாரணைக் குழு வந்தது. இருபத்தோரு நாளுக்குள் அதே பதிப்பில் கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டும், அல்லது அப்படி ஒரு பதிப்பு இருந்ததற்காவது சான்று தர வேண்டும் என்றார்கள். இரண்டும் இல்லையென்றால் வேலை போகும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி முன்னறையில் என் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் செய்தித்தாளில் இருந்தேன்.

“அத்தான், நம்ம மெஷின்ல 7.2 திருத்தம் 3 இல்லைன்னு வருது. மாட்யூல் பேரைத் தட்டினா, அப்படி எதுவுமே கிடையாதுங்குது.”

“கவலைப்படாதே. பத்திரமா இருக்கு.”

அவள் முகத்தில் உயிர் வந்தது. “எங்க அத்தான்?”

“அலமாரியில.”

“சாஃப்ட்வேரா?”

“அட்ரஸ்.”

“அப்ப சாஃப்ட்வேர்?”

“அதை எடுத்துட்டோம். இடம் பத்தல.”

“எதுக்கு இடம் பத்தல?”

“அட்ரஸைப் பத்திரமா வைக்கறதுக்கு.”

அவள் சிரித்தாள். நான் வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா இஸ்திரிப் பெட்டியைக் கையில் தூக்கியபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு மெல்ல நின்றது.

“திருத்தத்தை நீயே மறுபடி எழுதிக்க முடியாதா?” என்று நான் பெருந்தன்மையோடு கேட்டேன்.

“எழுதலாம் அத்தான், ஒரு வாரத்துல எழுதிடலாம். ஆனா மாட்டிக்கிட்டதும் உக்காந்து தயார் பண்ணினான்னுதானே சொல்வாங்க? முன்னாடியே இருந்துச்சுங்கறதுக்கு அந்தச் சீட்டு ஒண்ணுதான் சாட்சி. அதுல தேதி இருக்கு. திருத்தம் 3-ன்னு இருக்கு. நிறுவச் சொல்லிக் கேட்டது நான்னு என் பேர் இருக்கு. அந்த ஒரு தாளைக் காட்டினா போதும் அத்தான்.” என் செய்தித்தாளைப் பிடித்து மடக்கினாள். “நாலு வருஷம் ராப்பகலா போட்ட கணக்கு. பொய்க் கணக்கு எழுதினவள்னு பேர் வாங்கிட்டா இனிமே எவன் என்னை வேலைக்குச் சேர்ப்பான்?”

“ஏங்க, உறையைப் பிரிச்சு ஒரு நகல் எடுத்துக் கொடுத்தா என்ன குறைஞ்சுடும்?” என்றாள் என் மனைவி.

“பாதுகாப்பு குறைஞ்சுடும்” என்றேன்.

ஆனாலும் நான் கல்நெஞ்சன் இல்லை. உள்ளே போய் ‘உறை திறப்பு விண்ணப்பம்’ இரண்டு படிவம் எடுத்துவந்து கொடுத்தேன். ஒன்று கிழிந்தால் இன்னொன்று. அதற்குள் என் வெள்ளைச் சட்டையில் இஸ்திரிப் பெட்டி அழுத்தமாக ஒரு முத்திரை வைத்துவிட்டது.

விண்ணப்பம் குழுவின் முன் வந்தது. உறை எண் 347. திறக்கக் கூடாது என்ற விதிக்கு நாங்கள் வைத்திருந்த ஒரே விலக்கு மிகத் தெளிவானது: ஓர் உறையைத் திறக்குமுன், அதனுள் இருக்கும் முகவரியில் மென்பொருள் இருக்கிறதா என்று நேரில் சரிபார்க்க வேண்டும். இல்லாத முகவரியை வெளியே விட்டால் பொதுமக்கள் அலைந்துபோவார்கள் அல்லவா? ஒருவரியைச் சரிபார்க்கச் சொன்னோம்.

“என்னத்தை சார் சரிபார்க்கறது? நீங்கதானே அழிக்கச் சொன்னீங்க? அங்க ஒண்ணும் இல்ல!”

“ஒண்ணும் இல்லைன்னு பதிவு பண்ணிக்கோங்க” என்றார் இயக்குநர் என்னிடம்.

“சரிபார்ப்பு தோல்வி. ஆகவே திறக்க முடியாது” என்று எழுதினேன்.

ஒருவரி மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “சார், அந்தப் பொண்ணு வேலை போகப்போகுது. அந்தத் திருத்தம் நானும் அவங்களும் சேர்ந்து போட்டது. நான் வந்து சாட்சி சொல்றேன்.”

“தாராளமா சொல்லுங்க. சொந்தமா என்ன ஆவணம் வச்சிருக்கீங்க?” என்றார் இயக்குநர் மிருதுவாக. சொந்தப் பிரதி வைத்திருப்பவர் மீது நடவடிக்கை என்ற சுற்றறிக்கை சுவரில் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு ஒருவரி உட்கார்ந்தார். அவரிடம் உண்மையிலேயே பிரதி இல்லை. விதியை மதிக்கும் மனிதர், பாவம். விசாரணையிலும் போய்ச் சொல்லித்தான் பார்த்தார். வாய்ச்சொல் மட்டும் போதாது, அவரே அந்தத் திருத்தத்தில் கூட்டாளி வேறு, என்று குறித்துக்கொண்டார்களாம்.

எல்லோரும் போன பிறகு இயக்குநர் என்னை இருத்தி வைத்தார்.

“விசாரணைக் குழுவுல இருந்து நமக்கும் கடிதம் வந்திருக்கு. அப்படி ஒரு பதிப்பு இருந்துச்சா இல்லையான்னு கேக்கறாங்க. இருந்துச்சுன்னு எழுதினா அடுத்து என்ன கேப்பாங்க, சொல்லுங்க?”

“எங்கேன்னு கேப்பாங்க சார்.”

“யார் அழிச்சதுன்னு கேப்பாங்க. தீர்மானத்துல முதல் கையெழுத்து யாரோடது?”

தீர்மானத்திலும் முதல் கையெழுத்து என்னுடையதுதான். அதுவரை அந்த இடத்தைப் பெருமை என்று மட்டும் நினைத்திருந்தேன். அன்று பேனா இரண்டு முறை எழுத மறுத்தது. மை சரியாக இறங்காததுதான் காரணம் என்று நினைக்கிறேன். நிதானித்துக்கொண்டு எழுதினேன்: “தங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் கணினியில் அத்தகைய மென்பொருள் எதுவும் இல்லை.” இதில் ஒரு சொல்லாவது பொய்யா? கணினியில் இல்லைதான். நிறுவப்பட்டிருந்ததா என்று கேட்டிருந்தார்கள். இப்போது இல்லை என்று சொல்லியிருந்தேன். இரண்டுக்கும் நடுவே உள்ள சந்தில் ஒரு பெண்ணின் நான்கு வருடம் விழுந்துவிட்டால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

“மச்சினின்னுகூடப் பார்க்காம எழுதினீங்க பாருங்க, அதான் நேர்மை” என்று இயக்குநர் தோளைத் தட்டினார். நெஞ்சு நிமிர்ந்து வீட்டுக்குப் போனேன்.

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. வேலை போயிற்று. வண்டல் மேடம் இப்போது ஒரு டைல்ஸ் கடையில் இருக்கிறாள். எத்தனை சதுர அடிக்கு எத்தனை பெட்டி என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிறாள். அங்கே அவள் கணக்கை யாரும் சந்தேகிப்பதில்லை என்று கேள்வி. அன்றிலிருந்து என் மனைவி என்னிடம் சாப்பாடு ஆயிற்று என்பதைத் தட்டின் சத்தத்தால் மட்டும் தெரிவித்தாள்.

இந்தச் சிறு சலசலப்புகளைத் தாண்டி, எங்கள் பணி உலகின் கண்ணில் பட்டது. ‘மின்னணுப் பாரம்பரியக் காவலர்’ என்ற விருது எங்களுக்கு அறிவிக்கப்பட்டது. விருதுக் குழு நேரில் வந்து காப்பறையைப் பார்க்கும், மாதிரிக்கு ஒரு கோப்பைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்றார்கள். எதை வைப்பது என்று அரை நாள் விவாதித்தோம்.

“இன்னைக்கும் மெஷின்ல இருக்கற சாஃப்ட்வேரோட சீட்டுக்கு என்ன மதிப்பு?” என்றார் இயக்குநர். “சாஃப்ட்வேரே உலகத்துல எங்கேயும் கிடையாது, சீட்டு மட்டும்தான் மிச்சம்னா, அதுதான் அரிய பொருள்! அப்படி ஏதாவது இருக்கா?”

அப்படி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சாவியை எடுத்துவந்தேன். இயக்குநர் காகிதம் வெட்டும் கத்தியை அரக்கின் அடியில் கொடுத்தார்.

“சார், விதி…” என்றேன்.

“அது திறப்பு. இது திறப்பு விழா” என்றார். உறை பிரிந்தது. விண்ணப்பமும் இல்லை, சரிபார்ப்பும் இல்லை, இரண்டு நொடிகூட ஆகவில்லை.

சீட்டைத் தேக்குச் சட்டத்தில் பொருத்தி, மேலே ஒரு விளக்கும் போட்டோம். விழாவுக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். என் மனைவி வந்தாள். நான் கூப்பிட்டதும் வந்ததே எனக்கு ஆச்சரியம். வாசலில் எல்லோருடைய செல்போனையும் ஒரு தட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அரிய ஆவணத்தைப் படம் எடுத்துவிடக் கூடாதே. விருந்தினர்கள் ஒவ்வொருவராகச் சட்டத்தின் முன் நின்று, ஒன்றும் புரியாமல், ஆழ்ந்து தலையாட்டிவிட்டு நகர்ந்தார்கள். என் மனைவி நகரவில்லை. விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். பிறகு வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். பதிப்பு 7.2. திருத்தம் 3. நிறுவிய நாள். அப்புறம், நிறுவக் கோரியவர் என்ற இடத்தில் தன் தங்கையின் முழுப் பெயர். கூடம் முழுக்கக் கேட்டது. நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்து விருதுக் குழுவினர் கைதட்டினார்கள்.

“ஏங்க, கீழ பச்சை மையில இருக்கற கையெழுத்து உங்களுதுதானே?”

பல மாதங்களுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது. “ஆமா” என்றேன். பக்கத்தில் பெரிய மனிதர்கள் இருந்ததால் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

“அப்படி ஒண்ணு இல்லவே இல்லைன்னு எழுதிக் கொடுத்தீங்களே, அந்தக் கடுதாசியிலயும் இதே கையெழுத்துதானே?”

“ஆமா.”

“ரெண்டுல எது பொய்?”

அது அலுவலக விஷயம், வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றேன். வீட்டுக்குப் போய்ப் பேச அவள் வரவில்லை. தட்டிலிருந்து செல்போனை எடுத்துக்கொண்டு நேராகத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வருவது குறித்து இதுவரை எந்தத் தகவலும் பெறப்படவில்லை.

மறுநாள் காலை இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். மேசை மேல் தேக்குச் சட்டம் காலியாக இருந்தது. சீட்டு வெளியே கிடந்தது.

“நீங்க எழுதின பதில் கடிதத்தோட ஆபீஸ் காப்பி எங்க?”

கொண்டுபோய்க் கொடுத்தேன். சீட்டையும் கடிதத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, புதிய உறையில் போட்டு, அவரே அரக்கை உருக்கி ஊற்றினார். உறை எண் 613. அதுவரை நாங்கள் எந்தக் கோப்பையும் இத்தனை வேகமாகக் காப்பாற்றியதில்லை. மூன்று கையெழுத்துகள். முதலாவது என்னுடையது.

என் மனைவி கேட்ட கேள்விக்குப் பதில் அந்த உறைக்குள்தான் இருக்கிறது. யாரும் கவலைப்பட வேண்டாம். பத்திரமாக இருக்கிறது.